நினைவுக்கு ராயல்டி

1982 மார்ச் 29. நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கில் 61,612 பேர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டி. ஜார்ஜ்டவுன் அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய சில விநாடிகளே பாக்கி. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ஒருவர் இடப்புறத்திலிருந்து எகிறிப் பந்தை விடுகிறார். பந்து வலைக்குள். 63-62. மாணவருக்கு வயது 19. பெயர் மைக்கேல் ஜோர்டான்.

பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில் சிறிய ஊர். அன்றிரவு அங்குள்ள ஃபிராங்க்ளின் தெருவில் நடக்க இடமில்லை. மதுக்கூடங்களிலிருந்த தொலைக்காட்சிகளின் முன்னால் நெருக்கியடித்து நின்ற கூட்டம் அப்படியே தெருவில் வழிந்தது. எங்கும் வெளிர் நீலம். அது பல்கலைக்கழகத்தின் நிறம். அந்த இரவை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது வயது அறுபதுக்கு மேல். அவர்களிடம் அதைக் கேட்டால் ஸ்கோருக்கு முன்னால் வருவது எந்த பாரில் நின்றோம் என்பதுதான்.

அந்த இரவுக்கு இன்று விலை உண்டு. அந்தக் காலத்து எழுத்து வடிவம், அந்தக் காலத்துச் சின்னம், பத்து வருடம் துவைத்துப் போட்டதுபோலச் சாயம் வெளுக்கவைத்த துணி. 'விண்டேஜ்' என்று பெயர். அமெரிக்காவில் பழைய நினைவைச் சட்டையாகத் தைத்து விற்பது பெரிய வியாபாரம். யாருடைய நினைவு, யாருக்குப் பணம் என்ற கேள்வி மட்டும் நீதிமன்றத்துக்கும் வீதிக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 1919-ல் பின்னலாடைத் தொழில் தொடங்கிய சாம்பியன் நிறுவனம், விளையாட்டு அணிகளுக்குத் தடித்த ஸ்வெட்ஷர்ட்டுகளைத் தைத்துக் கொடுத்தது. மாணவர்கள் அவற்றை வகுப்புக்கும் போட்டுக்கொண்டு போனார்கள். கல்லூரிப் பெயர் பொறித்த உடை இப்படித்தான் பரவியது. பெயரை அச்சிட யாரும் யாரிடமும் பணம் கேட்கவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெயரை சாம்பியன் நிறுவனம் 1930-களிலிருந்து கட்டணமின்றியே அச்சிட்டு வந்தது.

1980-களின் தொடக்கத்தில் காட்சி மாறியது. தொலைக்காட்சியால் கல்லூரி ஆட்டம் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. தங்கள் பெயருக்கு மதிப்பு இருப்பதைப் பல்கலைக்கழகங்கள் கண்டுகொண்டன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சாம்பியன் மீது வழக்குப் போட்டது. பல கல்லூரிகளுக்காக ஒரே இடத்தில் உரிமம் வழங்கும் 'காலேஜியேட் லைசென்சிங் கம்பெனி' 1981-ல் உருவானது. அதன்பின் ஒவ்வொரு சட்டைக்கும் ராயல்டி.

அதே பத்தாண்டில்தான் கல்லூரி மதுக்கூடங்களின் வயிற்றிலும் அடி விழுந்தது. ஜோர்டான் அந்தப் பந்தை வீசியபோது வட கரோலினாவில் பீர் குடிக்க 18 வயது போதும். வெற்றிக்குக் காரணமான 19 வயதுப் பையன் விரும்பியிருந்தால் சட்டப்படியே ஒரு கோப்பை வாங்கியிருக்கலாம். 1984-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்றது. ஒவ்வொரு மாநிலமாக வழிக்கு வந்தது. வட கரோலினா 1986-ல்.

சாலை விபத்துகளில் இளைஞர்கள் சாவதைத் தடுக்க வந்த சட்டம் அது. அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாரின் கணக்கு வேறு. 18 வயதில் கல்லூரிக்குள் நுழைந்து 22-ல் வெளியேறும் மாணவர், படிப்பின் முதல் மூன்று வருடம் வாடிக்கையாளர் ஆகவே முடியாது. மிஞ்சியது கடைசி வருடம். அதோடு வாடகை ஏறியது. தெருவோரத்துப் பழைய கட்டடங்கள் இருந்த மனைகளில் அடுக்குமாடி விடுதி கட்டினால் கூடுதல் லாபம். ஆட்டம் பார்க்கக் கூடவேண்டிய அவசியமும் போனது. ஆளுக்கொரு திரை வந்துவிட்டது.

சேப்பல் ஹில்லில் 'ராத்ஸ்கெல்லர்' என்ற நிலவறை உணவகம் 1948-ல் தொடங்கியது. மாணவர்கள் செல்லமாக 'ராட்' என்பார்கள். அப்பா உட்கார்ந்த இருட்டு மூலையில் மகனும் உட்கார்ந்தான். சுமார் அறுபது ஆண்டு ஓடி அது மூடப்பட்டது. எல்லாமே போய்விடவில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ப்ளூமிங்டன் ஊரில் 1927-ல் தொடங்கிய 'நிக்ஸ் இங்கிலிஷ் ஹட்' போல ஒரு சில இடங்கள் தலைமுறைகளைத் தாண்டி நின்றன. அவை விதிவிலக்குகள்.

பழைய மதுக்கூடத்தைப் புண்ணியத் தலமாக்க வேண்டியதில்லை. தரை பிசுபிசுக்கும், கழிப்பறை நாறும், சில இரவுகளில் கைகலப்பும் உண்டு. பெண்கள் நிம்மதியாக உட்காரும் இடமாக அது எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் அங்கே ஒரு சமத்துவம் இருந்தது. பணக்கார வீட்டுப் பையனும் உதவித்தொகையில் படிப்பவனும் ஒரே விலைக்கு ஒரே பீரை வாங்கி ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். அந்த இரவுக்கு யாரும் உரிமம் வாங்கவில்லை. யாரும் யாருக்கும் ராயல்டி கட்டவில்லை.

இன்று கட்டவேண்டும். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த 'விண்டேஜ் பிராண்ட்' நிறுவனம் பழைய ஆட்ட நிகழ்ச்சி நிரல்கள், டிக்கெட்டுகள் போன்றவற்றிலிருந்த படங்களை எடுத்துச் சட்டைகளில் அச்சிட்டு விற்றது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2021-ல் வழக்குத் தொடர்ந்தது. அவை காப்புரிமை தீர்ந்த பழைய படங்கள், வெறும் அலங்காரம் என்றது நிறுவனம். எங்கள் சின்னம் எங்களுடையதே என்றது பல்கலைக்கழகம். 2024 நவம்பரில் நடுவர் குழு பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 28,000 டாலர். தொகை சிறியது. சொன்ன செய்தி பெரியது: பழசானாலும் சின்னம் பல்கலைக்கழகத்தின் சொத்து.

சின்னத்துக்கு மதிப்பைத் தேடித்தந்த ஆட்டக்காரர்களுக்கு? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1991-ல் சேர்ந்த ஐந்து முதலாண்டு மாணவர்களை 'ஃபேப் ஃபைவ்' என்றார்கள். அவர்கள் போட்ட தொளதொள அரைக்கால் சட்டையும் கறுப்புக் காலுறையும் நாடெங்கும் மோஸ்தர் ஆயின. மிச்சிகன் உடைகள் விற்றுத் தீர்ந்தன. அந்த ஐவரில் ஒருவரான கிறிஸ் வெபர், தன் எண் பொறித்த சட்டை கடையில் தொங்குவதைப் பார்த்துக் கசந்துபோனார். அந்த விற்பனையில் அவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. மாணவர் 'அமெச்சூர்', பணம் வாங்கக்கூடாது என்பது விதி.

விதி உடைய முப்பது ஆண்டுகள் ஆயின. முன்பு யு.சி.எல்.ஏ. அணிக்கு ஆடிய எட் ஓ'பானன் 2009-ல் தொடுத்த வழக்கு முதல் விரிசல். 2021 ஜூலையிலிருந்து மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஒரு நீதிபதி ஏற்ற சமரசத்தின்படி, பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் 2025-26 கல்வியாண்டில் சுமார் 2 கோடி டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பங்கு தரலாம்.

புதியவர்களுக்கு நல்ல காலம். நினைவாகிவிட்டவர்களுக்கு இல்லை. சேப்பல் ஹில்லுக்கு அருகிலுள்ள நகரம் ராலே. அங்குள்ள வட கரோலினா ஸ்டேட் அணி 1983-ல் யாரும் எதிர்பாராமல் ஹூஸ்டனைக் கடைசி விநாடியில் 54-52 என்று சாய்த்தது. அந்தக் கடைசிக் காட்சி ஒவ்வொரு மார்ச்சிலும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தியதற்குப் பங்கு கேட்டு அந்த அணியின் ஆட்டக்காரர்கள் 2024-ல் வழக்குப் போட்டார்கள். 2025-ல் அது தள்ளுபடி ஆனது. சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, காலம் கடந்துவிட்டது என்பது. பழசு என்பதாலேயே விற்கும் சரக்குக்குப் பழசு என்பதாலேயே பங்கு இல்லை.

வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் அந்தச் சட்டையைத் தைக்கும் கைகள். 1999 வாக்கில் அமெரிக்க மாணவர்களே பல்கலைக்கழக அலுவலகங்களை முற்றுகையிட்டு, எங்கள் சின்னம் எந்தத் தொழிற்சாலையில் தைக்கப்படுகிறது என்று கேட்டார்கள். அதைக் கண்காணிக்க 2000-ல் ஓர் அமைப்பு உருவானது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்த ஹோண்டுராஸ் ஆலை ஒன்றை ரஸ்ஸல் நிறுவனம் மூடியபோது, நூற்றுக்குக் கிட்டத்தட்ட பல்கலைக்கழகங்கள் அதனுடன் ஒப்பந்தத்தை முறித்தன. 2009 நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்து சுமார் 1,200 பேருக்கு மீண்டும் வேலை கொடுக்க ஒப்புக்கொண்டது. உரிமம் என்ற கயிற்றை மாணவர்கள் எதிர்ப்பக்கமிருந்தும் இழுக்க முடியும் என்று காட்டிய அபூர்வமான சம்பவம் அது.

ஆக, சட்டை ஒன்றுதான். பல்கலைக்கழகத்துக்கு ராயல்டி, நிறுவனத்துக்கு லாபம், இன்றைய ஆட்டக்காரருக்குப் பங்கு, தையல்காரருக்குக் கூலி. முதியவர்களான நாயகர்களுக்கும் மூடிப்போன பாருக்கும் மட்டும் எதுவும் இல்லை. அவர்களுக்காகப் பரிந்து பேச உரிமம் வழங்கும் அலுவலகம் எதுவும் கிடையாது.

சேப்பல் ஹில்லில் 1972-ல் தொடங்கிய ஒரு பார், பெரிய நீல நிற பிளாஸ்டிக் கோப்பைக்குப் பேர் போனது. பீர் தீர்ந்ததும் கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போவது மாணவர் வழக்கம். தலை நரைத்த பிறகும் பலர் வீட்டு அலமாரியில் அது இருக்கும். பாரின் பெயர் 'ஹீ இஸ் நாட் ஹியர்'. வீட்டிலிருந்து போன் வந்தால் சொல்லவேண்டிய பதிலையே பெயராக வைத்ததுபோலத் தோன்றும்: அவர் இங்கே இல்லை.

1982-ன் அந்த இரவைத் தேடிப் புதுச் சட்டை வாங்குகிறவருக்கும் அதே பதில்தான்.