படம் எடுத்த ஊருக்கும் காட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கையில போன் இருந்தா போதும் சார், உலகமே நம்ம தியேட்டர்" என்கிறார்கள் என் பழைய மாணவர்கள். பாதி உண்மை. தெப்பக்காடு யானை முகாமில் பொம்மனும் பெள்ளியும் குட்டி யானை ரகுவை வளர்த்த கதையை, ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் சுமார் 40 நிமிட ஆவணப்படமாக எடுத்தார். 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்'. 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. இணையம் இல்லாமல் இது இத்தனை நாடுகளுக்குப் போயிருக்குமா? நமக்குப் பெருமைதான்.

மீதிப் பாதியையும் பேசுவோம். இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். சிக்னலே சரியாகக் கிடைக்காத எஸ்டேட் லைன் வீட்டில், நாள் கூலியில் குடும்பம் நடத்துபவர் எத்தனை சந்தா கட்டுவார்? அவர் பார்க்க மாட்டார் என்று ஆனபின், எடுப்பதும் அவருக்காக இருக்காது. மூடுபனி, மலை ரயில், ட்ரோன் காட்சி என்று தூரத்தில் இருப்பவர்களுக்காகவே எடுக்கத் தோன்றும். பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுப் போராடும் சிறு விவசாயியை யார் எடுப்பார்? 'வியூஸ்' வராதே!

நான் தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை. மனிதக் கழிவை அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தை 2017இல் பல இடங்களில் திரையிட விடவில்லை. யூடியூபில் ஏற்றினார், காசில்லாமல் யாரும் பார்க்க முடிந்தது. அதுவும் இணையம்தான். சாவி யார் கையில் என்பதே கேள்வி. இணையம் வராத 1986லேயே ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு, மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்து, கேரளத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது.

ஆகவே, படமெடுக்கும் பிள்ளைகளே, ஓடிடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: படமெடுத்த ஊரில் இலவசமாகத் திரையிடும் உரிமை எங்களுக்கு உண்டு. "சின்ன டைரக்டர் கேட்டா கம்பெனி கொடுக்குமா?" என்பீர்கள். ஒருவர் கேட்டால் கொடுக்காது. தேயிலைத் தொழிலாளி போனஸைத் தனியாளாகக் கேட்டா வாங்கினார்? சங்கமாக நின்றுதானே வாங்கினார்!

பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இருக்கிறது. ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினாலும் திரைதான். தன் வாழ்க்கையைப் படமெடுக்கக் கொடுத்தவருக்கு, முன்வரிசையில் ஒரு நாற்காலி கூடவா கிடையாது?

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.