உறவைத் தேடித் தருபவர்



எம்மில் எத்தனை பேருக்கு எமது அப்பாயி, அம்மாயியின் முழுப்பெயர் தெரியும்? அவர்களோடு கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா? தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டால், "பாதிப் பேர் கப்பல் ஏறிட்டாங்க, மிச்சப் பேர் வவுனியாப் பக்கம் போயிட்டாங்க" என்பார்கள். வன்னியில் வாழும் மலையகச் சகோதரிகளிடம் கேட்டால், "எங்கட ஆக்கள் தலவாக்கலைப் பக்கம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இந்தப் பிரிவு தானாக வந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. ஒரே லயத்தில் பிறந்த அக்காவுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கை என்றானது. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குப் போயின. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. 2009 வரை நடந்த போரில் இடம்பெயர்ந்து ஓடியபோது கடிதங்களும் முகவரிகளும் தொலைந்தன.

தொலைந்த இந்த உறவுகளைத் தேடித் தரக்கூடிய ஒரு பெண்ணாவது ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பொறுமையும், எழுதி வைக்கும் பழக்கமும், இரகசியம் காக்கும் மனமும் போதும்.

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவா நகரில் ஒரு தேடும் நிலையத்தைத் திறந்தது. அங்கே உழைத்த தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். கைதான, காயமடைந்த, காணாமற்போனவர்களின் விபரங்களை அவர்கள் சிறு அட்டைகளில் எழுதி அடுக்கினார்கள். இவ்வாறு சேர்ந்த அட்டைகள் சுமார் 70 இலட்சம். ட்ரினிடாட் தீவில் சம்சு தீன் என்ற ஆசிரியர் முதலில் தன் சொந்த மூதாதையரைத் தேடினார். பின்பு 300க்கு மேற்பட்ட குடும்பங்கள் தமது உறவினரைக் கண்டறிய உதவினார்.

ட்ரினிடாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு, தகப்பன் பெயரும் ஊரும் எழுதிய தனித்தனிப் பத்திரம் இருந்தது. எமது முன்னோரோ கங்காணியின் பின்னால் கூட்டமாக வந்தவர்கள். பலரின் கழுத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டுதான் தொங்கியது. ஆகவே எமது குடும்ப வரலாற்றைக் கப்பல் பதிவுகளை மட்டும் நம்பித் தேட முடியாது. அது டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய தாள்களிலும், வயதான பெண்களின் நினைவிலுமே அதிகம் இருக்கிறது.

எப்படித் தொடங்குவது? ஒரு சீ.ஆர். கொப்பியை எடுங்கள். வீட்டில் மிக மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், பட்டப்பெயர், தாய் தகப்பன் பெயர், தோட்டம், டிவிசன், லயம், இந்தியாவில் சொந்த ஊர், குலதெய்வம், பிரிந்துபோன ஆண்டு ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். ஆண்டு நினைவில்லாவிட்டால், "மூத்தவன் பிறந்ததற்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு ஆட்கள் வழங்கும் தமிழ்ப் பெயரையும் குறியுங்கள். இரண்டும் வேறாக இருக்கலாம்.

அடுத்தது தாள்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், ஊழியர் சேமலாப நிதி அட்டை, பழைய கடித உறை என்று எதையும் வீசாதீர்கள். பிறந்த திகதி சரியாகத் தெரியாவிட்டாலும், பதிவேட்டைத் தேடித் தரும்படி பிரதேச செயலகத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். தோட்டக் காரியாலயத்தில் பழைய செக்ரோல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரே பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கலாம். பெயர் பொருந்தவில்லை என்று உடனே ஒதுக்கிவிடாமல் தாய் பெயரையும் தோட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தியாவுக்குப் போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். வேறு சிலர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் இறப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். போன இடம் ஓரளவு தெரிந்தாலும் தேடும் எல்லை சுருங்கும்.

இதனால் கிடைப்பது மன ஆறுதல் மட்டுமல்ல. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்த, நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் குடியுரிமை வழங்கியது. போரில் ஆவணங்களை இழந்த ஒரு சகோதரி தான் யாருடைய மகள், யாருடைய பேத்தி என்று காட்டவேண்டி வரும்போது, தோட்டத்தில் கிடைக்கும் ஒரு பழைய பதிவு பெரிய துணையாகலாம்.

சில கட்டுப்பாடுகளும் அவசியம். ஒருவரைக் கண்டுபிடித்ததும் அவரது முகவரியைத் தேடியவரிடம் கொடுத்துவிடக் கூடாது. முதலில் அவரது சம்மதத்தைக் கேளுங்கள். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பியவரும், புது வாழ்வு அமைத்துக்கொண்டவரும் இருப்பார்கள். மரணச் செய்தியைத் தொலைபேசியில் திடீரென்று சொல்லாதீர்கள். நெருங்கிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லச் செய்யுங்கள். உறுதியாகாததை உறுதி என்று சொல்லாதீர்கள். "பணம் தந்தால் ஆளைக் காட்டுகிறேன்" என்று வருபவர்களை நம்ப வேண்டாம்.

போரில் கையளிக்கப்பட்டும் பிடித்துச் செல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டோரின் விடயம் இதிலிருந்து வேறானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. ஆனாலும் பல தாய்மார் பதில் கிடைக்காமல் இன்றும் வீதியில் நிற்கிறார்கள். எமது கொப்பி அந்தப் பொறுப்பை அரசின் தோளிலிருந்து இறக்கிவிடாது. ஆனால் எங்கே, எந்தத் திகதியில், யார் பார்த்திருக்க என்ற விபரங்களை இப்போதே எழுதி வைத்தால், நாளை அந்தத் தாய் இல்லாத காலத்திலும் அவரது சாட்சியம் இருக்கும்.

சகோதரிகளே, தாள்களைப் பிறகும் தேடலாம். மூத்தவர்களின் நினைவு காத்திருக்காது. இந்த மாதத்துக்குள் உங்கள் லயத்திலோ கிராமத்திலோ உள்ள மிக மூத்த அம்மா ஒருவரிடம் கொப்பியோடு போய், அவர் தாயின் பெயரிலிருந்து தொடங்குங்கள்.