மைதானத்தைப் பூட்டிவிட்டுத் திறமையை விற்கிறார்கள்!

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், நமது நகரங்களில் ஒரு வியாபாரம் களை கட்டிவிடுகிறது. “உங்கள் பிள்ளையின் கூடைப்பந்துத் திறமையை வளர்க்கிறோம்! தனிக் கவனம்! தனிப் பயிற்சி!” என்று விளம்பரங்கள் பறக்கின்றன. மாதத்துக்கு ஒரு கட்டணம். ஒரே பிள்ளைக்கு ஒரே ஆசிரியர் என்றால் மணிக்கணக்கில் வேறு கட்டணம். பனியனுக்கு ஒன்று, போட்டிக்கு அழைத்துப் போக இன்னொன்று. பணம் கட்டியவர் பிள்ளை உள்ளே. கட்ட முடியாதவர் பிள்ளை கம்பி வேலிக்கு வெளியே!

“இதில் என்ன தவறு? கற்றுக் கொடுக்கிறார்கள், கூலி வாங்குகிறார்கள். வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொள்ளட்டுமே!” என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்வது நமது கடமை.

வளையம் யார் கையில்?

கிரிக்கெட் ஆட ஒரு மட்டை போதும், தெருவே மைதானம். கபடிக்குக் கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். கூடைப்பந்து அப்படியல்ல. பந்து மண்ணில் எழும்பாது. தளம் கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். பத்து அடி உயரத்தில் வளையமும் அதற்குப் பின்னே பலகையும் வேண்டும். முழு ஆடுகளம் என்றால் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். எந்தக் கூலித் தொழிலாளியின் வீட்டு முற்றத்தில் இது அமையும்? எனவே இந்த ஆட்டத்தில் முதல் கேள்வி, ஆசிரியர் யார் என்பதல்ல. வளையம் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

திறமை எப்படி வருகிறது? ஆடியவர்களைக் கேளுங்கள். வலக் கைக்காரன் இடக் கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழக மாதங்கள் ஆகும். ஒரு காலை ஊன்றி மறு காலால் சுழலுவது, தரையைப் பார்க்காமல் தோழனைப் பார்ப்பது, களைத்துப்போன நேரத்திலும் மணிக்கட்டு மாறாமல் எறிவது ஆகிய இவையெல்லாம் ஆயிரக்கணக்கான முறை செய்து செய்து உடலில் ஏறுகிறவை. நல்ல ஆசிரியர் பிழையைக் காட்டித் திருத்துவார். ஆனால் அவர் போன பிறகும் வளையம் அங்கேயே இருக்க வேண்டும்; பையன் அதே எறிதலை இருட்டும் வரை எறிய வேண்டும். அதற்கும் மேலே, இது ஐவர் ஆட்டம். எதிரே ஐந்து பேர், பக்கத்தில் நான்கு பேர் இல்லாமல், கூம்புகளை வரிசையாக வைத்து ஒரு பிள்ளையைத் தனியே ஓடவிட்டால், ஓடத் தெரிந்த பிள்ளை கிடைப்பான். ஆட்டக்காரன் கிடைக்க மாட்டான்.

ஆக, பயிற்சி வியாபாரி விற்பது ஆட்டத்தில் ஒரு சிறு பகுதி. பெரும் பகுதி பொதுத் தளமும் பொது வளையமும் கூட ஆடும் தோழர்களும். அவை இல்லாமல் போனதால்தான் இவன் கடைக்கு இவ்வளவு கூட்டம்!

இந்தத் திறமையை வளர்த்தது யார்?

இந்த ஆட்டம் பிறந்த கதையைப் பாருங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டிடத்துக்குள் ஆட ஓர் ஆட்டத்தை வகுத்தார். பந்து போட இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை. அங்கே வேலை பார்த்த பராமரிப்புத் தொழிலாளி இரண்டு பீச் பழக் கூடைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டத்தின் பெயரே அந்தக் கூடையிலிருந்து வந்தது! 13 விதிகளை எழுதிய நெய்ஸ்மித் அதை வைத்துச் செல்வம் சேர்க்கவில்லை.

நமது நாட்டில் என்ன நடந்தது? 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களைத் தயார் செய்தது. பின்னர் ரயில்வேயும், பொதுத்துறை வங்கிகளும், போலீசும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை வளர்த்தன. பெண்கள் தேசியப் போட்டிகளில் ரயில்வே அணி எத்தனை ஆண்டுகளாகக் கொடி நாட்டி வந்திருக்கிறது! இந்திய அணியின் தலைவியாக விளங்கிய சென்னைப் பெண் அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே ஊழியர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்குச் சோறு போட்டது மாதச் சம்பளம். பயிற்சிக் கடை அல்ல.

பஞ்சாப் கிராமத்து விவசாயியின் மகன் சத்னம் சிங் 2015-ல் அமெரிக்க என்.பி.ஏ. அணி ஒன்றால் தேர்வு செய்யப்பட்டார். அந்தச் சிறுவனை உருவாக்கியது லூதியானாவில் மாநிலக் கூடைப்பந்துச் சங்கத்தின் அகாடமி. 2010-ல்தான் அவர் ஃபுளோரிடாவிலுள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். அத்தனை உழைப்புக்குப் பிறகும் அந்த அணிக்காக ஒரு முறையான லீக் ஆட்டத்தில்கூட அவர் இறங்க வாய்க்கவில்லை. என்.பி.ஏ.யில் 30 அணிகள். அணிக்கு 15 நிலையான இடம் வீதம் உலகத்துக்கே சுமார் 450 இடங்கள்! இந்தக் கனவைத்தானா நமது பெற்றோருக்கு மாதத் தவணையில் விற்கிறார்கள்?

சர்க்கார் கைவிட்ட இடம்

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு குழந்தைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் உடற்கல்விக்கு என்ன சொல்கிறது? பகுதி நேரப் பயிற்றுநர்! கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர். குழந்தையின் உடலுக்கு மட்டும் பகுதி நேரம்!

தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலானவற்றுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள். மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்குச் சம்பளம் தரவில்லை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள்! 2023-ல்தான் தொகுப்பூதியத்தை 12,500 ரூபாயாக உயர்த்துவதாக அறிவிப்பு வந்தது.

இந்த மே மாதக் கணக்கைச் சற்று நினைத்துப் பாருங்கள், தோழர்களே! பள்ளி மைதானம் பூட்டிக் கிடக்கும் மாதம் அது. பள்ளியின் பகுதி நேர உடற்கல்வி ஆசிரியர் சம்பளமின்றி வேறு வேலை தேடிவந்த மாதமும் அதுவே. பயிற்சி வியாபாரி கட்டணம் உயர்த்திக் கல்லா கட்டுவதும் அதே மாதம்தான். ஒருவன் வயிறு காய்ந்தால்தான் இன்னொருவன் பை நிரம்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

120 ரூபாய் மைதானம்

பொதுத் தளத்தைக் கைவிட்டால் அடுத்த கட்டம் என்ன என்பதைச் சென்னை பார்த்துவிட்டது. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் நிறைவேறியது. வியாசர்பாடிச் சிறுவன் மாதம் 25 நாள், நாளுக்கு ஒரு மணி ஆடினால் 3,000 ரூபாய்! அவன் தாய் வீட்டு வேலை செய்து கொண்டுவரும் பணத்தில் அரிசி வாங்குவதா, மைதானம் வாங்குவதா?

எதிர்ப்பு கிளம்பியது. இடதுசாரிகளும் மற்றவர்களும் குரல் எழுப்பினார்கள். தீர்மானத்தை நிர்வாகம் உடனே வாபஸ் வாங்கியது. அன்று கால்பந்து; நாளை கூடைப்பந்து. போராடினால் மைதானம் மீளும் என்பது ஒரு பாடம். அசந்தால் பறிபோகும் என்பது இன்னொரு பாடம்.

“மாநகராட்சியிடம் பணமில்லை” என்பார்கள். மக்கள் வரிப் பணத்தில் தளம் போடப் பணம் இருந்தது. போட்ட தளத்தைக் கூட்டிப் பெருக்கப் பணமில்லையா?

அமெரிக்க வழியும் மறு வழியும்

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும்? இதன் தாயகமான அமெரிக்காவையே கேளுங்கள். ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு ஒரு குடும்பம் 2024-ல் சராசரியாக 1,016 டாலர் செலவிட்டது என்று அங்குள்ள ஆஸ்பன் நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. 2019-ஐ விட இது 46 சதவீதம் அதிகம். சத்னம் சிங் பயின்ற அந்த ஐ.எம்.ஜி. அகாடமி 2023-ல் 125 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. சந்தையில் ஆலையை விற்பது போலப் பள்ளிக்கூடத்தை விற்கிறார்கள்! 2017-ல் அங்கே கல்லூரிக் கூடைப்பந்து ஊழல் அம்பலமானது. இளம் ஆட்டக்காரர்களைத் தங்கள் பக்கம் இழுக்க அவர்கள் குடும்பங்களுக்கு இரகசியமாகப் பணம் போன வழக்கில், காலணிக் கம்பெனி அதிகாரி ஒருவர் 2018-ல் குற்றவாளியென்று தீர்ப்பானது. பிள்ளையின் திறமை சரக்கானால் தரகன் வராமல் இருப்பானா?

மறு வழியும் இருந்தது. கியூபா 1961-ல் விளையாட்டுக்கென அரசு நிறுவனம் அமைத்தது. 1962-ல் தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. 1967-ல் போட்டிகளைக் காணக் கட்டணத்தையும் நீக்கியது. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் அந்தச் சிறு தீவின் கூடைப்பந்து அணி மூன்றாம் இடம் பெற்றது! அதே ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில், அரசு விளையாட்டுப் பள்ளிகளைக் கொண்டிருந்த சோவியத் நாடு, அமெரிக்காவை 51–50 என்று வென்றது. சோவியத் 1991-ல் மறைந்துவிட்டது. கியூபா பொருளாதார முற்றுகையில் அல்லலுறுகிறது. அதன் வீரர்கள் பலர் வெளியேறியும் இருக்கிறார்கள். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கட்டணமில்லாத மைதானத்திலிருந்து உலகத் தரம் பிறக்கும் என்பது நிரூபணமான உண்மை. அதை யாரும் அழிக்க முடியாது.

நமது எதிரி யார்?

ஒரு விஷயத்தில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் இளைஞன் நமது எதிரியல்ல. அவன் பெரும்பாலும் வேலை கிடைக்காத முன்னாள் ஆட்டக்காரன். அகாடமி முதலாளிக்குக் கட்டணத்தில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, சேமநல நிதியும் இல்லாமல், முட்டி தேயும் வரை ஓடுகிறவன். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தாய் தகப்பனும் நமது எதிரியல்ல. பிள்ளை ஆட வேண்டும் என்ற அவர்கள் ஆசை நியாயமானது. “ஏழைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இலவசம்” என்று படம் எடுத்துப் போட்டுக்கொள்ளும் தர்மப் பிரபுக்களிடம் மட்டும் ஒன்று கேட்போம்: மீதிப் பிள்ளைகள் எங்கே போவது?

எதிரி, பொதுச் சொத்தைப் பூட்டிவிட்டு அதன் சாவியை வியாபாரியிடம் கொடுக்கும் கொள்கை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

சர்க்கார் பள்ளி மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடு!

ஒவ்வொரு ஒன்றியத்திலும், நகரின் ஒவ்வொரு வட்டத்திலும் விளக்குடன் கூடிய சிமெண்டுத் தளமும் வளையமும் அமை, கட்டணம் வசூலிக்காதே!

பகுதி நேர உடற்கல்வி ஆசிரியர்களை நிரந்தரமாக்கு. பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடு!

வேலையில்லாத முன்னாள் ஆட்டக்காரர்களை அந்தத் தளங்களில் பயிற்சியாளர்களாக நியமி!

ரயில்வேயிலும் பொதுத்துறையிலும் விளையாட்டு வீரர் நியமனத்தைக் குறைக்காதே!

பொதுச் சொத்தான எந்த மைதானத்தையும் தனியாருக்குத் தாரை வார்க்காதே!

வாலிபர்களே, மாதர்களே, தொழிற்சங்கத் தோழர்களே! உங்கள் வட்டத்துப் பள்ளி மைதானத்துக்கு இந்த வாரமே போய்ப் பாருங்கள். வாயிலில் பூட்டு இருக்கிறதா, வளையம் இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரைத் திரட்டுங்கள், மனுவில் கையெழுத்து வாங்குங்கள், கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மனு தூங்கினால் பந்துகளுடன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாநகராட்சி வாசலுக்கே செல்லுங்கள்!

பூட்டைத் திறக்க வைப்போம்! பந்து எல்லாப் பிள்ளைகள் கையிலும் எழும்பட்டும்!