பேசப்படாத நோயும் பேசப்படாத பிள்ளைகளும்

யேர்மனியில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பமொன்றில் பிள்ளைக்கு நீரிழிவு என்றால் உற்றார் அனைவரும் நலம் விசாரிப்பர். அதே பிள்ளைக்கு மனப்பிறழ்வு நோய் என்றால் வீட்டின் கதவு சாத்தப்படுகின்றது. "படிப்புக்காக வேறு நகரம் போய்விட்டான்" என்று சொல்லப்படுகின்றது. அவனோ மேல்மாடி அறையில் இருக்கின்றான். பிறந்தநாள் விழாவுக்கும் ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேருக்கும் குடும்பம் செல்கின்றது. அவன் மட்டும் செல்வதில்லை. 'விசர்' என்ற ஒற்றைச் சொல்லுக்கும், தங்கையின் திருமணப் பேச்சுக் குழம்பிவிடும் என்ற அச்சத்துக்கும் கொடுக்கப்படும் விலை இது.

ஹம் நகரிலிருந்து வெகு தொலைவில் இல்லாத பீலபெல்ட் நகரில் பேத்தல் என்ற கிறிஸ்தவப் பராமரிப்பு நிலையம் உண்டு. 1936ஆம் ஆண்டு, போதகர் ஒருவரின் மகளான டொரத்தேயா புக் தனது 19ஆவது வயதில் அங்கு அனுமதிக்கப்பட்டார். மனச்சிதைவு நோய் என முடிவு செய்யப்பட்டது. குளிர்ந்த ஈரத்துணிகளால் சுற்றிக் கட்டினர். தலையில் குளிர்நீரை ஊற்றினர். 1933இல் நாசிகள் இயற்றிய சட்டத்தின்படி அவருக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்யப்பட்டது. அதன் உண்மையை அவர் சக நோயாளி ஒருவரிடமிருந்தே அறிந்துகொண்டார். அச்சட்டத்தினால் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 400,000 பேர்.

இத்தனை கொடுமைகளுக்கிடையிலும், பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது ஒன்றையே: அங்கு எவரும் அவருடன் உரையாடவில்லை. மருத்துவர்கள் அவரைப் பற்றி முடிவெடுத்தனர். அவரிடம் எதையும் கேட்கவில்லை.

இன்றைய யேர்மனிய மருத்துவமனைகளை அக்காலத்துடன் ஒப்பிடுவது அநீதி. ஆயினும் அந்த மௌனம் முற்றாக மறைந்துவிடவில்லை. தமிழ் வீடுகளில் அது பாசத்தின் பெயரால் நிலவுகின்றது. பிள்ளைக்கு வேளைக்கு உணவும் மருந்தும் கிடைக்கின்றன. "உனக்கு என்ன கேட்கின்றது, எதற்குப் பயப்படுகின்றாய்" என்று கேட்பவர்தான் இல்லை.

மன்ஹைம் நகரின் உளநல நடுவ நிறுவனத்தில் பேராசிரியர் ஹைன்ஸ் ஹெப்னரும் குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு பெற்றோர் அறிய வேண்டியது. முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 232 பேரின் கடந்தகாலத்தை அவர்கள் பின்னோக்கி ஆராய்ந்தனர். பெரும்பாலானோரில் நோய் குரல்களுடனோ சந்தேகங்களுடனோ தொடங்கவில்லை. மிக அதிகமாகக் காணப்பட்ட தொடக்க அறிகுறி மனச்சோர்வே. அதிலிருந்து வெளிப்படையான பிறழ்வு தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் வரை சென்றிருந்தன. அந்த ஆண்டுகளிலேயே படிப்புக் குலைகின்றது, நண்பர்கள் விலகுகின்றனர். வீட்டிலோ அது 'சோம்பல்' எனவும் 'கணினிப் பைத்தியம்' எனவும் பெயர் பெறுகின்றது. சோர்ந்த பிள்ளைகள் யாவரும் இந்நோய்க்கு ஆளாவார்கள் என்பதல்ல. மாதக்கணக்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே பொருள்.

மருந்து குரல்களைத் தணிக்கக்கூடும். நண்பனைத் தேடித் தராது. குரல்கள் ஓய்ந்த பின்னும் மனச்சோர்வும் தனிமையும் எஞ்சினால், அந்த வாழ்வை நலமென்று சொல்ல இயலாது. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. கெசுண்ட்ஹைட்ஸ்அம்ற் எனப்படும் சுகாதாரத் திணைக்களங்களின் சமூக உளநலச் சேவை, நோயாளருக்கு மட்டுமன்றி உறவினர்க்கும் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றது. அங்குள்ளோர் இரகசியம் காக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டவர்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் அங்கு தேவையற்றது. பன்னிரண்டு வயதுத் தம்பியை மொழிபெயர்ப்பாளனாக இருத்துவது மட்டும் வேண்டாம். அந்தச் சுமை அவனுக்குரியதன்று.

சிற்பக் கலைஞராக வாழ்ந்த டொரத்தேயா புக், 1989இல் உளவியலாளர் தோமாஸ் பொக்குடன் இணைந்து ஹம்பேர்க்கில் மனப்பிறழ்வு கருத்தரங்கைத் தொடக்கினார். நோயை அனுபவித்தவர், உறவினர், மருத்துவப் பணியாளர் ஆகிய மூவகையினரும் சமமாக அமர்ந்து பேசும் வட்டம் அது. பின்னர் பல நகரங்களுக்கும் பரவியது. அவர் 2019இல், தமது 102ஆவது வயதில் காலமானார்.

இத்தகைய வட்டங்களில் பேசப்படுவது டொச் மொழி. அம்மாக்களில் பலர் வாய் திறக்கமாட்டார்கள். ஆலய மண்டபங்களோ வார நாட்களில் பெரும்பாலும் வெறுமையாக இருக்கின்றன. இங்கு பிறந்து உளவியலும் மருத்துவமும் கற்ற இளையோர் முன்வந்தால், மாதத்தில் ஒரு மாலை தமிழிலேயே இவ்வட்டம் கூடலாம். உள்ளூரில் முகம் காட்டத் தயங்குவோர் அடுத்த நகரத்துக் கூட்டத்துக்குத் தொடருந்தில் செல்லட்டும். முதலில் அப்படித்தான் நடக்கும்.