ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் போதுமா?

ஆறேழு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூலையில் ரூட்டர், மேஜைக்கு அடியில் தூசி படிந்த ஒரு சுவிட்ச். ஆடிட்டர் ஆபீஸோ, மொத்த வியாபாரக் கடையோ, சின்ன ஆபீஸ் நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். இது ஒரேயடியாகப் படுத்துவிட்டால் கூடப் பரவாயில்லை. ஆள் வருவார், பார்ப்பார், சரி செய்வார். விட்டு விட்டு வரும் கோளாறுதான் உயிரை எடுப்பது. காலையில் நன்றாக ஓடும், 11 மணிக்கு டேலி பாதியில் நிற்கும், சர்வீஸ்காரர் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல் வேலை செய்யும்!

இதற்கு எல்லா ஆபீஸிலும் ஒரே வைத்தியம்தான். ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. பல நேரம் இது பலிக்கவும் செய்யும். சிக்கலே அங்கேதான். ஏன் போனது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துவிடுகிறது. பல சின்ன ரூட்டர்களில் லாக் தற்காலிக மெமரியில்தான் இருக்கும், ஆஃப் செய்தால் போச்சு. ட்ரயல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மூடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தவறு உள்ளேயே இருக்கும், அடுத்த வாரம் மறுபடி தலைகாட்டும்.

உண்மையில் இந்தக் கோளாறுகளுக்குப் பின்னால் சாதாரணக் காரணங்கள்தான் இருக்கும். சிக்னல் போதவில்லை என்று யாரோ பழைய வைஃபை ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவிட்சில் செருகியிருப்பார்கள். அதிலும் டிஹெச்சிபி ஓடிக்கொண்டிருந்தால், ஐபி முகவரி கொடுக்க ஆபீஸில் இரண்டு பேர் ஆகிவிடும். சரியான ரூட்டரிடம் வாங்கிய கம்ப்யூட்டர் வேலை செய்யும், மற்றதிடம் வாங்கியது திணறும். யாரிடம் கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். இன்னோர் ஆபீஸில் பிரிண்டருக்குக் கையால் போட்ட முகவரியையே ரூட்டர் ஒரு லேப்டாப்புக்கும் கொடுத்துவிடும். அந்த லேப்டாப் வரும் நாளில் மட்டும் பிரிண்ட் வராது. நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய கேபிளும் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளில் 4 போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு வரும், போகும்.

இதையெல்லாம் பார்க்காமல் முதலில் சுவிட்சை மாற்றுகிறார்கள், பிறகு ரூட்டரை. பில் ஏறுகிறது, கோளாறு போகவில்லை. கடைசியில் பழி விழுவது அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண் மேல். "நேத்து நீ எதைத் தொட்டே?"

'வேலை நேரத்தில் ஆராய்ச்சி செய்ய யாருக்கு நேரம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. வரி இருந்து தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், வட்டி தனி. அன்று ரூட்டரை ஆஃப் செய்வதில் தப்பே இல்லை. ஆனால் கை சுவிட்சுக்குப் போகுமுன் ஒரு நிமிடம் செலவழிக்கலாமே. ஒரு கம்ப்யூட்டரிலா, எல்லாவற்றிலுமா? ரூட்டரை பிங் செய்தால் பதில் வருகிறதா? ரூட்டர் பதில் சொல்லி, வெளியே 8.8.8.8 மட்டும் சொல்லவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இன்டர்நெட் லைனில். ரூட்டரே பேசவில்லை என்றால் ஆபீஸுக்குள்தான் தேட வேண்டும். கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இதைத் தேதி, மணியோடு ஒரு நோட்டில் எழுதி ரூட்டர் பக்கத்திலேயே வைத்தால் போதும். புதிதாக எதைச் செருகினாலும், இடம் மாற்றினாலும் அதையும் எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தென்படும். சர்வீஸ்காரருக்கும் 'அடிக்கடி போகுது சார்' என்பதைவிட அந்தப் பக்கங்கள் உதவும். பைசா விடாமல் வரவு செலவு எழுதும் ஆபீஸ்களுக்கு இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லையே!