எதிரே ஒருவன் வேண்டும்

சிறுவர் சண்டை பெரியோருக்குச் சிரிப்பைத் தருவது இயல்பு. ஆயினும், சென்ற பாடசாலை விடுமுறையில் எமது இல்லத்தில் மூண்ட ஒரு சிறு சண்டை எனக்குச் சிரிப்பைத் தரவில்லை.

நாம் வசிப்பது பாண்டிருப்பில். வடக்கே அடுத்த ஊரான மருதமுனையிலிருந்து என் மகனின் தோழன் மாலைதோறும் சைக்கிளில் வருவான். இருவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ஆளுக்கொரு கொன்ட்ரோலரை ஏந்தி, ‘டிராகன் போல்’ யுத்தம் புரிவர். ஒருநாள் கூச்சல் எழுந்தது.

“நீ அளாப்புறாய்! ஒரே அடியைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறாய்!”

“தோத்ததுக்கு நான் என்ன செய்யிற?”

வந்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று நாள்கள் இப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. யப்பானிய ஓவியர் அகிரா தொரியாமா 1984ஆம் ஆண்டு வார இதழொன்றில் தொடங்கிய சித்திரக் கதையே டிராகன் போல். பின்னர் அது தொலைக்காட்சித் தொடராயிற்று. சண்டை விளையாட்டுகளாகவும் பெருகிற்று. தொரியாமா 2024 மார்ச்சில் மறைந்தார். அவர் படைத்த கோக்கு மறையவில்லை. கோக்கு வாலுடைய சிறுவனாக, வேண்டும்போது நீளும் கோலொன்றை ஏந்தி அறிமுகமாகின்றான். யுவான் சுவாங் என்ற சீனத் துறவி 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குச் சென்ற யாத்திரையைத் தழுவி, 16ஆம் நூற்றாண்டில் சீனத்தில் எழுந்த நெடுங்கதையில் ஒரு வானர வீரன் வருகின்றான். அவனது பெயரின் யப்பானிய உச்சரிப்பே கோக்குவின் பெயர். வாலும் வலிமையும் கொண்ட வீரனை அனுமன் வடிவில் அறிந்த நமக்கு இவன் முற்றிலும் அந்நியனல்லன்.

அக்கதையில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. கோக்குவைக் கொல்ல வந்த பிக்கொலோவும் வெஜிட்டாவும் பிற்காலத்தில் அவனோடு தோள்சேர்ந்து நிற்கின்றனர். பகைவன் தோழனாவதற்கு அங்கே இடமுண்டு.

எனக்கு அந்த இடம் வாய்க்கவில்லை. சிறுவயதில் எனக்கும் மருதமுனையில் ஒரு தோழன் இருந்தான். அவனுடைய உறவினர் கலியாணத்தில் சீனடி பார்க்க என்னை அழைத்துச் சென்றான். கம்பெடுத்த இருவரும் ஒருவரையொருவர் அடிக்குமுன் சலாம் வைத்தனர். ஆடி முடித்ததும் மீண்டும் சலாம் வைத்தனர். அதன்பின் 1990ஆம் ஆண்டு வந்தது. இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய அந்நாள்களில் எங்கள் போக்குவரத்து நின்றது. எங்களிருவருக்குமிடையே ஒரு சுடுசொல்லும் இருந்ததில்லை. ஆயினும், நின்ற பேச்சு நின்றதுதான்.

மூன்றாம் நாள் என் மகன் தனியே இயந்திரத்தோடு பொருதிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் கொன்ட்ரோலரைக் கீழே வைத்து, “சலிச்சுப் போச்சு, அப்பா” என்றான்.

அவன் சொன்னதில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. சண்டை விளையாட்டுக்கு எதிரே ஒருவன் வேண்டும். அவன் அருகிலும் இருக்கவேண்டும். 2024 ஒக்டோபரில் வெளியான ‘ஸ்பார்க்கிங் ஸீரோ’ என்ற டிராகன் போல் விளையாட்டில் 180இற்கும் மேற்பட்ட வீரர்கள் உண்டு. ஆனால் வெளிவந்த வேளையில், ஒரே வீட்டில் இருவர் திரையைப் பகிர்ந்து ஆடுவதற்கு ஒரேயொரு களமே இருந்தது. ஏனைய களங்களில் மனிதனோடு பொருத விரும்பினால் இணையத்தில்தான் ஒருவனைத் தேடவேண்டியிருந்தது. அவனைத் திட்டினாலும் அவன் முகம் வாடுவதைக் காணமாட்டோம்; தோற்றால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். அருகிலிருப்பவனை அவ்வாறு துண்டித்துவிட முடியுமா?

மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மருதமுனைக்குச் சென்றேன். “வாங்க சேர், இரிங்க” என்று தோழனின் தந்தை வரவேற்றார். நாங்கள் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் உள்ளறையில் யுத்தம் மீண்டும் தொடங்கிவிட்டது.

இப்பொழுது எமது வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் கைகொடுக்க வேண்டும். பெற்றோரே, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவியை ஒளித்து வைப்பதற்குமுன் இதனைச் செய்து பாருங்கள். தோற்றவன் நாளையும் நம் வீட்டுக்கு வரவேண்டும். வெற்றியை அதற்குமேல் பெரிதாக எண்ணாதிருக்கப் பிள்ளைகள் பழகட்டும்.