பிரம்பு உண்டு, பயிற்றுவிப்போர் எங்கே?

ஆண்டுதோறும் ஒக்டோபர் 15ஆம் திகதி வெள்ளைப் பிரம்பு தினம் அனுஷ்டிக்கப்படுகின்றது. அதிதிகள் விழிப்புலனற்றோருக்குப் பிரம்புகளைக் கையளிக்கின்றனர், உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. அப்பிரம்பைக் கொண்டு தனியாக நடமாடக் கற்பிப்பவர் யார் என்ற கேள்வி அங்கு எழுவது அரிது. பதுளை மாவட்டத்தின் தோட்டப்புறப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதுவே முதற் கேள்வி என நாம் கருதுகின்றோம்.

இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் நீண்ட பிரம்பு முறை, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்கப் படையினருக்காக, 1944ஆம் ஆண்டளவில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்ததாகும். இடக்கால் முன்செல்லும்போது பிரம்பின் நுனி வலப்புறம் தரையைத் தொடும்; அடுத்து வைக்கவேண்டிய அடிக்குரிய இடத்தை அது முன்கூட்டியே சோதித்துவிடும். கேட்பதற்கு எளிது. எனினும் இதனைக் கற்பிப்பதற்கெனவே 1960இல் பொஸ்டன் கல்லூரியில் பட்டப்பின் கற்கைநெறி தொடங்க வேண்டியிருந்தது. கற்பிக்க வருபவர் முதலில் தமது கண்களைக் கட்டிக்கொண்டு, பிரம்புடன் படியேறி, வீதி கடந்து பழகவேண்டும். புத்தகத்தைப் படித்துப் பெறக்கூடிய தகைமையன்று இது.

அம்முறை சமதரை நடைபாதைகளில் வளர்ந்தது. நமது மலைகளிலோ லயத்துக்கும் பாடசாலைக்கும் இடையே செங்குத்தான கற்படிகள், திறந்த கான்கள், தேயிலைச் செடிகளுக்கிடையிலான ஒற்றையடிப் பாதைகள். சில இடங்களில் ரயில் தண்டவாளமே நடைபாதை. ஆயினும் வழிகாட்டும் அடையாளங்களுக்கு இங்கு குறைவில்லை. பீலியில் விழும் நீரின் ஓசை, தொழிற்சாலையிலிருந்து வரும் கொழுந்து வாடும் மணம், பிரட்டுக்களத்தின் திறந்தவெளிக் காற்று, முகத்தில் படும் காலை வெயில் ஆகிய யாவும் திசை சொல்வன. பதுளை நகருக்கு வந்தால் கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் அவ்வாறே. இவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தான் நிற்கும் இடத்தை மனத்தில் வரைந்துகொள்ள ஒரு பிள்ளைக்குப் பழக்கக்கூடியவர் இம்மண்ணை அறிந்த, தமிழில் கற்பிக்கும் ஆசிரியரே.

வீட்டாரின் கையைப் பிடித்து நடந்து பாதையை மனனம் செய்த பிள்ளைகளும் உள்ளனர். அது போதுமென்று பெற்றோர் நினைப்பதில் வியப்பில்லை. அன்பினால் விளைந்த எண்ணம் அது. ஆனால் மலையகத்தில் பாதைகள் நிலையானவையல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் பல பகுதிகளைச் சிதைத்தது. இத்தகைய அனர்த்தங்களின் பின் இடம்பெயரும் விழிப்புலனற்ற பிள்ளைக்கு, மனனம் செய்த பாதையால் பயனில்லை. அறியாத இடத்தைத் தானே ஆராய்ந்து அறியும் முறையைக் கற்ற பிள்ளை அங்கும் நடமாடத் தொடங்கும். மற்றப் பிள்ளை மூலையில் அமர்ந்து, யாராவது வந்து அழைத்துச் செல்லும்வரை காத்திருக்கும். பெண்பிள்ளையாயின் அக்காத்திருப்பு பாடசாலை வாழ்வையே முடித்துவிடக்கூடும்.

இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, பிரெய்ல் எழுத்துடன் நடமாட்டத் திறனையும் பெயர் குறிப்பிட்டே சொல்கின்றது. அதற்குத் தகுதியுள்ள ஆசிரியர்களை நியமிப்பதும் அரசின் கடமையாகின்றது. பிரெய்லுக்குக் கிடைத்துள்ள ஓரளவு கவனங்கூட இதற்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பெருஞ்செலவு எதனையும் நாம் கோரவில்லை. பண்டாரவளையில் ஊவா தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி மலையகப் பாடசாலைகளுக்குத் தமிழ்மொழி ஆசிரியர்களை உருவாக்கி வருகின்றது. இவ்விரண்டிலும் விசேட கல்வி பயில்வோருக்கு, கண்களைக் கட்டி நடக்கும் செயன்முறைப் பயிற்சியுடன் கூடிய ஒரு பாடநெறியைச் சேர்க்கலாம். பிரம்புடன் நெடுங்காலம் நடமாடிவரும் விழிப்புலனற்றோரை அதன் பயிற்றுநர்களாக, கொடுப்பனவுடன், அழைக்கவேண்டும். அடுத்த அனுமதி அறிவித்தல் வெளிவருமுன் கல்வி அமைச்சும் ஊவா மாகாணக் கல்வித் திணைக்களமும் இதனைத் தீர்மானிக்க வேண்டும்.